மெயின் மாநில ரேங்க்ட் சாய்ஸ் ஓட்டுச்சீட்டு: 5க்கு 4 ஸ்டார்

ரெண்டு பெரிய கட்சி ஆளும் புடிக்கல, மூணாவது கட்சிக்கு போட்டா ஓட்டு வேஸ்ட்னு பயமுறுத்துறாங்கன்னா அமெரிக்காவுல மெயின் மாநிலத்து ஓட்டுச்சீட்ட பாருங்க. பேப்பர் சீட்டுதான், ஒவ்வொரு பேருக்கும் நேரா முதல் சாய்ஸ், ரெண்டாவது சாய்ஸ்னு வரிசையா வட்டம் இருக்கும், மனசுக்கு புடிச்ச சின்ன கட்சிக்காரர முதல்ல போட்டுட்டு பரவால்லங்கறவர ரெண்டாவதா போடலாம், யாருக்கும் பாதிக்கு மேல வரலன்னா கடைசில இருக்கறவங்கள எடுத்துட்டு அந்த ஓட்ட அடுத்த சாய்ஸுக்கு சேத்துடுவாங்க. 2018ல காங்கிரஸுக்கான (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தல்ல அங்க ரெண்டாவது தொகுதில முதல் ரவுண்டுல முன்னாடி இருந்தது புரூஸ் பொலிக்வின், ஆனா அடுத்த சாய்ஸ் ஓட்ட சேத்ததும் ஜெயிச்சது ஜாரெட் கோல்டன்.

2000 ஜனாதிபதி தேர்தல்ல ஃபுளோரிடால இது இருந்திருக்கணும்ங்க! புஷ் ஜெயிச்சது வெறும் 537 ஓட்டுல, மூணாவது கட்சிக்காரர் நேடருக்கு அங்க விழுந்தது 97,488, புஷ்ஷ எதிர்த்த அல் கோர் தோத்ததுக்கு நேடருக்கு போட்டவங்கள இன்னும் திட்டிட்டு இருக்காங்க, ரொம்ப அநியாயம்.

ஒரு ஸ்டார் ஏன் கம்மின்னா, 2022 கவர்னர் தேர்தலுக்கு இந்த முறை இல்ல, அடுத்த ரவுண்டு போச்சுன்னா ரிசல்ட்டும் லேட்டாகும்.

போடறவங்க ஒருத்தரோட நிறுத்திடாதீங்க, அவர் வெளிய போயிட்டா அடுத்த ரவுண்டுல உங்க ஓட்டு இருக்காது.