பழைய டிராவலர் கேம்பருக்குப் பிரேக் முழு வேலை: கணபதி பட்டறை எப்படி?

கோவை கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் இந்தப் பிரேக் கடைக்கு லாரிகளும் பள்ளி வேன்களும்தான் அதிகம் வரும். டெம்போ டிராவலரில் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேம்பராக்கியவர்களும் இப்போது வருகிறார்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், டீசல் என்ஜின் உள்ள பழைய டிராவலருக்கு இங்கே செய்து தரும் பிரேக் முழு வேலையைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. வேலையின் வரிசையும் அளவெடுப்பும் முதல் தரம். இரண்டு பழக்கங்களை மட்டும் இவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

1987-ல் பஜாஜ் டெம்போ கொண்டுவந்த டிராவலர் மெர்சிடிஸ் பென்ஸின் டி1 வேனை அடிப்படையாகக் கொண்டது. கம்பெனியின் பெயர் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் இத்தனை டிராவலர்கள் ஓடுவதால் பிரேக் சாமானுக்குக் கோவையில் பஞ்சமில்லை. சிக்கல் எடையில்தான் இருக்கிறது. 100 லிட்டர் தொட்டி நிறைந்தால் 100 கிலோ. 150 ஆம்பியர்-அவர் டியூப்ளர் பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல். 18 மில்லி பிளைவுட் முழுப் பலகை ஒன்றே 30 முதல் 35 கிலோ வரும். ஆட்கள் இறங்கினால் பஸ்ஸின் எடை குறைந்துவிடும். கேம்பரோ எந்நேரமும் இந்த எடையைச் சுமக்கிறது, அதுவும் பெரும்பாலும் பின் ஆக்சிலுக்கு மேலேயும் பின்னாலேயும்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது உயரம் சுமார் 1,900 மீட்டர் குறைகிறது. 3 டன் வண்டி அந்த உயரத்தில் விடும் ஆற்றல் ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். என்ஜினும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொண்டது போக மீதிச் சூடு முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். திம்பத்தின் 27 வளைவுகளுக்கும், ஆழியாறு முதல் வால்பாறை வரையுள்ள 40 வளைவுகளுக்கும், கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் இதே கணக்குதான்.

வண்டியைத் தூக்கும் முன்பே பெடலில் காலை வைத்துப் பார்த்து நோயைப் பிரிக்கிறார்கள். பெடல் ஆழமாகப் போய், இரண்டு மூன்று தடவை அடித்தால் மேலே வந்தால் பின் ஷூவுக்கும் (டிரம்முக்குள் விரிந்து உரசி நிறுத்தும் வளைந்த கட்டை) டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால், வெளியே ஒழுக்கு இல்லாதபோது, மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் சிலிண்டர்) உள் கப், அதாவது ரப்பர் சீல், விட்டுக்கொடுக்கிறது. கல் மாதிரி இருந்து வண்டி நிற்கவில்லையென்றால் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன் பிடித்திருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கும். வீங்கிய ஹோஸ் ஆயிலை உள்ளே விடும், திரும்ப விடாது. அந்தச் சக்கரம் மட்டும் சுட்டுக்கொண்டே ஓடும். இவ்வளவும் பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நேராக ஏர் எடுக்க, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்ற, உட்கார்ந்துவிடும் கடைகள்தான் அதிகம்.

"ஹேண்ட் பிரேக்கை முடுக்கினா பெடல் மேல வந்துருமுங்க" என்று பல இடங்களில் கேட்கலாம். வரும், உண்மைதான். கேபிள் ஷூவை டிரம் பக்கமாக இழுத்துப் பிடித்திருப்பதால் வரும். ஆனால் ஷூ தன் இருப்பிடத்துக்குத் திரும்பாமல் உரசிக்கொண்டே ஓடும். தேய்மானத்துக்கு ஏற்ப ஷூவைத் தானாக ஏற்றும் அட்ஜஸ்டர் இருந்தால் அதுவும் வேலை செய்யாது. இந்தப் பட்டறையில் முதலில் செய்வதே ஹேண்ட் பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்துவதுதான். முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின்னால் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும்வரை ஏற்றுகிறார்கள். பெடலை ஓங்கி அழுத்தி ஷூவை நடுவில் உட்கார வைக்கிறார்கள். சக்கரம் மறுபடி சுற்றினால் இன்னும் ஏற்றுகிறார்கள். பிறகு, கையால் சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்கு இறக்குகிறார்கள். இரண்டு பக்கமும் முடிந்த பின்தான் கேபிள், நாலு முதல் ஏழு கிளிக்குக்குள் பிடிக்கும்படி. இந்த வரிசை மாறினால் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் நிற்காது.

டிரம் வேலையில்தான் கணபதி கணபதியாக இருக்கிறது. பக்கத்து லேத்திலேயே கடைசல். கடைவதற்கு முன் டிரம்மின் உள்விட்டத்தை நாலு இடத்தில் அளந்து முட்டைவடிவம் எவ்வளவு என்று எழுதுகிறார்கள். டிரம்மில் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் கடைய மறுத்து, புது டிரம் வாங்கச் சொல்கிறார்கள். இது நல்ல குணம். மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது, மலையில் விரியும், பெடல் தரைக்குப் போகும். ஒரு டிரம்மைக் கடைந்தால் மற்றதையும் அதே விட்டத்துக்குக் கடைகிறார்கள். ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங்கை அடிக்கும்போது நடு ரிவிட்டில் தொடங்கி ஓரங்களுக்குப் போகிறார்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனிங் தூக்கிக்கொள்ளும், பாதி இடம்தான் டிரம்மைத் தொடும். அடித்த பிறகு ஷூவையும் டிரம்மின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்து, சாக்பீஸ் பூசிச் சுற்றி, எங்கெல்லாம் தொடுகிறது என்று காட்டுகிறார்கள். கடைந்த டிரம்மில் தேய்க்காத ஷூவைப் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பின்பக்கப் பிரேக் பெயருக்குத்தான் இருக்கும்.

ஒரு பக்க லைனிங்கில் ஆக்சில் ஆயில் ஊறியிருந்தால் சீலை மாற்றி, இரண்டு பக்க லைனிங்கையும் மாற்றச் சொல்வார்கள். ஆயில் ஊறிய லைனிங்கைத் தீயில் வாட்டித் திரும்பப் போடும் வேலை இங்கே கிடையாது.

கேம்பர் வைத்திருப்பவர்கள் இந்தக் கடைக்கு வர முக்கியக் காரணமாக நாங்கள் சொல்வது லோடு வால்வு. பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று சுமையைப் பார்த்துத் தீர்மானிக்கும் வால்வு இது. எல்லா வண்டியிலும் இருக்காது, இருந்தால் கவனம் வேண்டும். வால்வு சேஸிஸில் இருக்கும், அதன் கம்பி ஆக்சிலோடு இணைந்திருக்கும். சுமை ஏறிச் சேஸிஸ் தாழ்ந்தால் கம்பி நகர்ந்து பின்னால் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கேம்பராக்கும்போது பின்பக்கம் தாழ்கிறதென்று ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது வழக்கம். வண்டி உயர்ந்துவிடும். எடை அப்படியே இருந்தாலும் வால்வு வண்டி காலி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுச் சுமையோடு இறங்கும் வண்டியை முன் டிஸ்க் மட்டும் நிறுத்தப் பார்க்கும். பேட் சீக்கிரம் தேய்கிறது, முன் சக்கரம் புகைகிறது, பின் லைனிங் புதுசு மாதிரியே இருக்கிறது என்றால் பேடைக் குறை சொல்லும் முன் இந்தக் கம்பியைப் பாருங்கள்.

இங்கே முன் கேலிப்பர் நிப்பிளிலும் (ஏர் எடுக்கும் திருகு) பின் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் நிப்பிளிலும் பிரஷர் கேஜ் மாட்டி, ஒரே பெடல் அழுத்தத்தில் இரண்டையும் ஒப்பிட்டு, கம்பெனி மேனுவல் அளவுக்கு வால்வைச் சரிசெய்கிறார்கள். அதனால் தொட்டியை நிறைத்து, பயணத்தில் இருக்கும் சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டுதான் வண்டியை விட வேண்டும். வால்வை வாடிக்கையாளர் தானே முடுக்கிப் பார்க்கக் கூடாது. அளவுக்கு மீறினால் ஈரச் சாலையில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுழன்றுவிடும்.

முன் பக்கத்தில் புதுமை எதுவும் இல்லை. டிஸ்க் ஓரத்தில் உள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழ் போனால் மாற்றுகிறார்கள். பேட் வாங்கும்போது முதுகில் அச்சாகியிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து குளிர்ந்த நிலையின் உராய்வு, இரண்டாவது சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப் எஃப் போதும். இரண்டாவது எழுத்து முதலாவதை விடத் தாழ்ந்ததாக இருந்தால் மலைக்கு வேண்டாம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

ஏர் எடுப்பதில் ஒரு நுணுக்கம் மனதுக்குப் பிடித்தது. பெடலுக்கு அடியில் மரக்கட்டை வைத்துவிடுகிறார்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத கோடியில் துருவும் கசடும் இருக்கும். பெடலைத் தரைவரை அமுக்கினால் கப் அங்கே போய்க் கிழிந்துவிடும். வேலைக்கு முன் நன்றாயிருந்த மாஸ்டர் வேலைக்குப் பின் போவது இப்படித்தான். ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தூரத்திலிருந்து வருகிறார்கள். முழுதாக மாற்ற ஒரு லிட்டர் ஆயில் கையில் இருக்க வேண்டும். டாட் 4 தரப் பிரேக் ஆயில் டப்பாவைக் கண்முன் சீல் உடைக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பாதி தீர்ந்த டப்பா ஆகாது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 ஆகிவிடும். டாட் 3-க்கு அதே ஈரத்தில் 140 மட்டுமே. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பூஸ்டர் பரிசோதனையை நீங்களே செய்யலாம். என்ஜினை அணைத்து நாலைந்து தடவை அடித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. டீசலில் வேக்குவத்துக்குத் தனிப் பம்ப் உண்டு, பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில். பூஸ்டர் காற்றழுத்த வித்தியாசத்தில் வேலை செய்வதால், ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் அதன் உதவி கோவையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சுமாராக இருக்கும் பம்ப் மேலே போதாது. இங்கே வேக்குவம் கேஜ் மாட்டிப் பார்ப்பது கேட்டால்தான் நடக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இனிக் குறைகள். டிரம்மைக் கழற்றியதும் ஏர் கம்ப்ரஸரால் தூசியை ஊதுகிறார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. ஊதுகிறவர் இளவயதுப் பையன். தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் போதும், ஒரு ரூபாய் செலவில்லை. இதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். இரண்டாவது, கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னுக்குச் சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸையே தடவுகிறார்கள். பெட்ரோலிய கிரீஸில் ரப்பர் பூட் ஊதிப்போய், ஸ்லைடு பின் இறுகி, ஒரு பேட் மட்டும் தேயும். சிலிகான் பிரேக் கிரீஸ் சின்ன டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள், மறுக்காமல் போடுகிறார்கள். வீல் சிலிண்டர் சாமான்களை டீசலில் கழுவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிரேக் கிளீனர் வைத்திருக்கிறார்கள்.

உள் அலங்கார வேலை செய்தவர்கள் விட்டுவைத்த வினையையும் இவர்கள் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். தரைப் பலகைக்கு அடித்த ஸ்க்ரூ பிரேக் பைப்பை உரசுவது, தொட்டியின் வழிகால் பைப்மேல் சொட்டித் துருப்பிடிக்க வைப்பது, ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட்டிச் சட்டம் நசுக்குவது. பைப் மாற்றினால் முனையை இரண்டு மடிப்பாக விரிக்கும் இரட்டை ஃபிளேர் போடுகிறார்கள். ஒற்றை ஃபிளேர் பிரேக் அழுத்தத்தில் வெடிக்கும்.

வண்டியை எடுத்ததும் அவிநாசி சாலையில் வேகம் பார்க்க வேண்டாம். போக்குவரத்து இல்லாத நேரான ஒரு சாலையில் 60-லிருந்து 20-க்குப் பத்துத் தடவை, முழுக்க நிற்காமல், நடுவே ஆறவிட்டு இறக்குங்கள். பேடும் லைனிங்கும் அப்போதுதான் உட்காரும். பிறகு இறங்கி, நாலு சக்கரத்தின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். ஒரே ஆக்சிலில் இடமும் வலமும் நெருங்கி இருக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் எல்லாச் சக்கரமும் சேர்ந்து பிடித்துக்கொண்டு, ஆறினால் விட்டுவிட்டால், பெடலிலும் பூஸ்டர் கம்பியிலும் வெறும் ஆட்டம் இல்லையென்று அர்த்தம். மாஸ்டருக்குள் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கிறது. அப்படியே பட்டறைக்குத் திருப்புங்கள்.

மலையில் முதல் இறக்கம் இரண்டாவது கியரில். வழியில் பெடல் இறுகியிருந்தும் வண்டி பிடிக்கவில்லையென்றால் பேடும் லைனிங்கும் சூடேறிவிட்டன. பெடல் பொசுக்கென்று கீழே போனால் ஆயில் கொதித்துவிட்டது. முதலாவதில் கியரைக் குறைத்து ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டால் பிடிப்பு திரும்பும். இரண்டாவதில் கியரும் ஹேண்ட் பிரேக்கும்தான் துணை. ஆறிய பின் பெடல் மேலே வந்தாலும் நம்பி இறங்கக் கூடாது, ஆயிலை மாற்றிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் பின் ஷூவை மறுபடி ஏற்றக் கொண்டுவரச் சொல்கிறார்கள், அதற்குக் கூலி இல்லை. புது லைனிங் உட்கார்ந்து இடைவெளி கூடியிருக்கும் என்பதால் கட்டாயம் போக வேண்டும். அப்போதும் தொட்டியை நிறைத்தே கொண்டு போங்கள், லோடு வால்வின் கம்பியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.