பெட்ஷீட் விரிக்க ப்ளெண்டர் போதுமா?

சேலத்தில் இன்டீரியர்காரர்களுக்கும் ஏற்காட்டு ரிசார்ட்டுகளுக்கும் 3டி படம் செய்து தருபவர்கள், படுக்கைத் துணிக்காக மார்வலஸ் டிசைனர் என்ற துணி வடிவமைப்பு மென்பொருளுக்குச் சந்தா கட்டத்தான் வேண்டுமா? பெட்ஷீட், தலையணை, திரைச்சீலை அளவில் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் 3டி மென்பொருளான ப்ளெண்டரின் கிளாத் (துணி சிமுலேஷன்) வசதியே அருமையாக வேலை செய்கிறது. அதன் டீஃபால்ட் எண்களை மட்டும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

டபுள் பெட்ஷீட் 90க்கு 100 அங்குலம், அதாவது 2.29க்கு 2.54 மீட்டர். பிளேனை (தட்டையான தளத்தை) அதே அளவில் போட்டு, கன்ட்ரோல் ஏ-யில் ஸ்கேலை அப்ளை செய்து, கட்டம் ஒன்றரை செ.மீ. வரும்படி பிரியுங்கள். யூவி வேலையை, அதாவது டெக்ஸ்சர் எங்கே ஒட்ட வேண்டும் என்று பிரிப்பதை, துணி தட்டையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அப்போதுதான் ஊடும் பாவும் மடிப்போடு சேர்ந்து திரும்பும்.

காட்டன் பிரீசெட் (பருத்திக்கான தயார் எண்கள்) நன்றாகவே இருக்கிறது. தொல்லை இடைவெளியில்தான். டீஃபால்ட்டில் துணியின் மோதல் தூரம் 0.015 மீட்டர், மெத்தையின் வெளித் தடிமன் 0.02 மீட்டர், இரண்டும் சேர்ந்து விரிப்பை மெத்தைக்குமேல் சுமார் மூன்றரை செ.மீ. மிதக்க வைக்கும். படத்தைப் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று பட்டுவிடும். இரண்டையும் 0.003க்கு இறக்குங்கள். இறக்கினால் துணி மெத்தையைத் துளைத்துக்கொண்டு போகக்கூடும் என்பதால் குவாலிட்டி ஸ்டெப்ஸை (ஒரு ஃபிரேமுக்கு எத்தனை முறை கணக்கிடுவது என்பதை) 5லிருந்து 12க்கு ஏற்ற வேண்டும். வழுக்கி ஒரு பக்கம் சரிந்தால் மெத்தையின் உராய்வைக் கூட்டுங்கள்.

அடுத்தது ஓர மடிப்பு. இதை விட்டால் எவ்வளவு நல்ல சுருக்கமும் காகிதம் போலத்தான் தெரியும். ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெர்டெக்ஸ் குரூப் (புள்ளிகளின் குழு) போடுங்கள். அதையே பெண்டிங் குரூப்பாகக் கொடுத்து மேக்ஸ் பெண்டிங்கை ஏற்றினால் ஓரம் சற்று விறைக்கும். துணிக்குத் தடிமன் தரும் சாலிடிஃபை மாடிஃபையரிலும் அதே குரூப், ஃபேக்டர் 0.5 என்றால் ஓரம் மற்ற இடத்தைவிட இரு மடங்கு தடிமன் பெறும். கட்டிலின் குறுக்கே போடும் பெட் ரன்னராக சேலம் வெண்பட்டு விரிக்கச் சொன்னால் சில்க் பிரீசெட்டோடு இதே வித்தையை ஜரிகைக் கரைக்குச் செய்யலாம். வெறும் சில்க் பிரீசெட்டில் கரையும் தளர்ந்து தொங்கிவிடும்.

தலையணைக்கு ஈர்ப்பு 0, உள்ளிருந்து ஊதும் பிரஷர் 3 முதல் 5. அப்படியே விட்டால் பலூன்தான். ஸ்கல்ப்ட் மோடின் கிளாத் பிரஷால் நடுவை அமுக்குங்கள், மூலைகளைக் கிள்ளிவிடுங்கள். இலவம்பஞ்சுத் தலையணை என்றால் பிரஷர் குறைவாகவும் மேடுபள்ளம் கூடுதலாகவும் இருக்கட்டும்.

நெசவுக்கு இணையத்தில் கிடைக்கும் டெக்ஸ்சரைவிட, சென்னிமலை விரிப்பில் 10 செ.மீ. சதுரத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்வது மேல். அகலத்தில் 23, நீளத்தில் 25 முறை திரும்ப வரும்படி மேப்பிங் கொடுத்தால் நூல் சரியான அளவில் நிற்கும். நூலின் மேடுபள்ளத்தைக் காட்டும் நார்மல் மேப்பை நான்-கலர் ஆக்க மறந்தால் வெளிச்சம் தாறுமாறாகும். ப்ளெண்டர் 4.0 பதிப்பிலிருந்து ஷீன் (துணியின் மெல்லிய மினுமினுப்பு) நுண்ணிழை முறைக்கு மாறியது பருத்திக்குப் பெரிய லாபம், 0.2 போதும்.

ஏற்காட்டு மூடுபனி வெளிச்சத்தை எச்டிஆர்ஐயில் (சுற்றுப்புற வெளிச்சம் தரும் படத்தில்) அப்படியே கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண், ஒரு மடிப்பும் தெரியாது. அதைக் குறைத்து, ஜன்னல் பக்கமிருந்து தாழ்வாக ஒரு ஏரியா லைட் வையுங்கள்.

கட்டம் கட்டமாகத் தைத்த கம்ஃபர்ட்டர், கொசுவம் வைத்த ஓரம் என்று வந்தால் ப்ளெண்டர் திணறுகிறது. விளிம்புகளை இழுத்துச் சேர்க்கும் தையல் ஸ்பிரிங் அதில் இருந்தாலும் துணியை வெட்டி, தைத்து, திருத்திப் பார்ப்பது ஆமை வேகம். அந்த மாதிரி ஆர்டர் வரும் மாதத்துக்கு மட்டும் மார்வலஸ் சந்தாவைக் கட்டிக்கொள்ளலாம்.