மெட்டைப் பிடுங்குவதா, கழுத்தை மாற்றுவதா?

என் பேஸ் கிட்டாரின் கழுத்தில் பதித்த இருபது மெட்டுகளில் ஏழு வெளியே வந்திருந்தபோது மின்சாரம் போய்விட்டது. 2023ஆம் ஆண்டுக் குளிர்காலம் அது. அப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைக்க முடிந்தது. நான் அட்டவணையைப் பார்க்கவில்லை. சால்டரிங் அயர்ன் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கோ கை நிற்கவில்லை. எட்டாவது மெட்டைச் சூடு காட்டாமலே குறட்டால் நெம்பினேன். மெட்டோடு சேர்ந்து ஈட்டி மரச் சில்லு ஒன்றும் பெயர்ந்து வந்தது. மெட்டுள்ள பேஸ் கிட்டாரை மெட்டில்லாததாக மாற்றும் வழிகளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருந்தால், அது அந்தச் சில்லு கொடுத்த தகுதிதான்.

கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டை வீணைக்காரர்கள் வழக்கப்படி மெட்டு என்றே எழுதுகிறேன். வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. கமகம் வேண்டுமானால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளலாம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி அந்த இழுப்புக்கு மசியாது. ஆகவே கோட்டுவாத்தியம் போன வழியில் போக வேண்டும்: மெட்டே வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு இந்த ஆசை வந்தது. பாடுகிறவர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகும்போது, நான் மட்டும் படிக்கட்டில் இறங்குகிறவன் போலத் தடதடத்துக்கொண்டிருந்தேன். மெட்டில்லாத பேஸின் குரல் இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1986இல் வெளிவந்த அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்தில் நம் ஊர் பகிதி குமாலோ வாசித்தது அதைத்தான்.

மெட்டில்லாத பேஸையே வாங்கிவிடுவது எளிய வழி. ஆம்பெக் நிறுவனம் 1966இலும் ஃபெண்டர் 1970இலும் அப்படிப்பட்ட பேஸ்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. பணம் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. ஆனால் நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றுகூட இருக்கவில்லை. வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். கையில் எடுத்துப் பார்க்காமல் இசைக்கருவி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வழி கழுத்தை மட்டும் மாற்றுவது. நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்ட கழுத்தாக இருந்தால், பழையதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு மெட்டில்லாத கழுத்தைப் பூட்டிவிடலாம். பிடிக்கவில்லையா, பத்து நிமிடத்தில் பழையபடி. நல்ல பேஸ் ஒன்றுதான் இருக்கிறது, அதை வைத்துத்தான் பிழைப்பு என்றால் இதைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அளவுகள் ஏமாற்றும். தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. என்று இரண்டிலும் எழுதியிருப்பது போதாது. உடலில் கழுத்து உட்காரும் குழியின் அகலம், மெட்டு எண்ணிக்கை 20ஆ 21ஆ 24ஆ, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் அகலம் ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் போல 38 மி.மீ.யா, அதன் பிரசிஷன் பேஸ் போல 41 மி.மீ.க்கு மேலா, எல்லாவற்றையும் அளந்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தால் 15 சதவீத வாட் வரியும் அனுப்பும் செலவும் சேரும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கழுத்தின் விலை என் இரண்டாவது பேஸின் விலையைத் தாண்டியது. அந்த இரண்டாவது பேஸ் அலமாரிக்குப் பின்னால் தூசி படிந்து நின்றது. அதன் மெட்டுகளைப் பிடுங்குவது என்ற மூன்றாவது வழி அங்கேயே முடிவாகிவிட்டது.

பிடுங்காமல், மெட்டுகளை மர மட்டத்துக்கு அராவிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். விரல் கோட்டின் மேல் இருந்தால் தந்தி உலோகத்தில் படும், சற்று விலகினால் மரத்தில் படும். ஒரே சுரம் இரண்டு குரலில் பேசும்.

ஆக, பிடுங்குவது. ஒவ்வொரு மெட்டையும் அயர்னால் சுடவைத்து, பிசின் இளகியதும், முனை தட்டையாக அரைத்த குறட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். பெயரும் சில்லுகளைத் தொலைத்துவிடாமல் அங்கேயே சூப்பர் குளூ வைத்து ஒட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு மாலை வேலை. அதன் பிறகு வரும் கேள்விதான் பெரியது: மெட்டுகள் போய்க் காலியாக நிற்கும் காடிகளை எதால் அடைப்பது, மரப்புட்டியாலா, மெல்லிய மரத்தகடான வெனீராலா?

நான் முதலில் புட்டியை அடைத்தேன். மலிவு, சுலபம், டர்பனின் ஈரக்காற்றில் பார்க்கவும் அழகாக இருந்தது. அடுத்த மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல், குளிர்காலத்தில் உதடு வெடிக்கும் வறட்சி. மூன்றாம் நாள் விரலை ஓட்டிப் பார்த்தால் காடிக்குக் காடி பள்ளம். புட்டி சுருங்கி உள்ளே இறங்கியிருந்தது. கழுத்தும் வில்லாக முன்னே வளைந்திருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. மெட்டின் அடிநாக்கு ஒவ்வொரு காடியிலும் ஆப்பு போல இறுகி நின்று கழுத்துக்கு விறைப்புத் தருகிறது. நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 70 முதல் 80 கிலோ. ஆப்புகளை எடுத்துவிட்டு மெத்தென்ற புட்டியை வைத்தால், கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராட் ஒன்றே அத்தனையையும் தாங்க வேண்டும்.

திரும்பி வந்து, எங்கள் பகுதியில் நாற்காலி மேசை செய்யும் பெரியவரிடம் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சொத்தைப் பல்லுக்கு மெழுகு வைத்திருக்கிறாய், தம்பி. மரம் கேட்ட இடத்தில் மரத்தைக் கொடு.”

“கெட்டியாக அடித்து இறக்கிவிடலாமா, மாமா?”

“அடித்தால் கழுத்து பின்னால் வளையும். கட்டை விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.”

அவர் சொன்னதுதான் சரி. காடியின் அகலம் ஏறக்குறைய 0.6 மி.மீ.; அதே தடிமனில் மேப்பிள் வெனீரை வெட்டி, பிசின் தடவி, விரலால் அழுத்தி இறக்கினோம். காய்ந்ததும் ஓரங்களைச் சீவிவிட்டு, விரல்பலகையின் வளைவுக்குப் பொருந்தும் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தோம். வளைவு 7.25, 9.5, 12 அங்குல ஆரம் என்று பேஸுக்குப் பேஸ் மாறும். தட்டைக் கட்டையால் தேய்த்தால் வளைவு போய்விடும். சொரசொரப்பான 120 எண் தாளில் தொடங்கி நயமான 800 வரை போனோம். புட்டியை எங்கள் வீட்டில் இப்போது சுவருக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

வெளிர் மேப்பிள் கோடுகள் கண்ணுக்குத் தெரிவதை வெட்கமாக நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் கருநிற வெனீரை வைத்துக் கோடுகளை மறைக்கலாம். கணக்கைப் பார்த்துவிட்டு மறைக்கட்டும். ஓர் அரைச்சுர இடைவெளி 100 சென்ட். முதல் மெட்டு இருந்த இடத்தருகே விரல் 5 மி.மீ. பிசகினால் சுருதி சுமார் 10 சென்ட் விலகும். 12ஆம் இடத்தில் அதே 5 மி.மீ. 20 சென்ட்டாகும். பஜனையில் பாடகர் குரலோடு ஒட்டிப் போய்விடலாம். கல்யாண மேடையில் அசையாத சுருதியோடு கீபோர்டு பக்கத்திலேயே நிற்கும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை. எனக்குக் கோடுகள் வேண்டும். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது: மெட்டுள்ள பேஸில் விரல் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தும், இங்கே சரியாகக் கோட்டின் மேலேயே அழுத்த வேண்டும்.

மரத்துக்கு மேல் எப்பாக்சி என்ற கெட்டிப்பிசின் பூசுவதா, வெறுமனே விடுவதா என்பதில் எல்லோரும் மெட்டில்லாத பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸைக் காட்டுவார்கள். அவருடைய 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில், படகுக்குப் பூசும் எப்பாக்சி விரல்பலகையில் கண்ணாடி போலப் படிந்திருந்தது. அவர் போட்டது உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்தி. அது அரம் போல மரத்தைத் தின்னும். அந்தப் பளீரென்ற, பாடுகிற குரல்தான் வேண்டும் என்றால் எப்பாக்சியும் ரவுண்ட்வவுண்டும் சேர்ந்தே வர வேண்டும். பூச்சு சமமாக அமைய நாள் கணக்கில் பொறுமையும் வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை என்பது எட்டாவது மெட்டிலேயே தெரிந்துவிட்டது. ஈட்டி மரத்தை வெறுமனே விட்டு, தட்டைக் கம்பி சுற்றிய வழுவழுப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்தி போட்டேன். பளபளப்பு குறைவு, ஆனால் மிருதங்கத்தோடு அது நன்றாகக் கலக்கிறது. மரத்திலும் தடம் விழவில்லை. விரல்பலகை கருங்காலியாக இருந்திருந்தால் ரவுண்ட்வவுண்டைத் துணிந்து பார்த்திருப்பேன்.

மெட்டு போனதும் தந்தி அதன் உயரத்துக்கு, ஏறக்குறைய 1 மி.மீ., மேலே நிற்கும். உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சேடில்களை இறக்க வேண்டும்; போதாவிட்டால் கழுத்துக் குழியில் மெல்லிய தகடு வைக்கலாம். நட்டின் பள்ளங்களையும் மரத்தைத் தொட்டும் தொடாத அளவுக்கு அராவ வேண்டும்.

பக்கவாட்டில் இருக்கும் பழைய புள்ளிகள் இன்னும் மெட்டுகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன. அவற்றை நம்பி அழுத்தினால் சுருதி தாழ்ந்துதான் விழும். கோடுகளின் நேரே புதிய புள்ளிகள் வைக்க என் மகளிடம் வெள்ளை நகச்சாயம் கேட்டிருக்கிறேன். ரோஜா நிறம்தான் இருக்கிறது என்கிறாள்.