சேலத்துல மீடியா கோர்ஸ் சேரப் போறீங்களா? ரூ.62,000 போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

முதல்ல தொகையைச் சொல்லிடுறேன். அறுபத்திரண்டாயிரம் ரூபா. செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வேலை எனக்கு. ரூ.62,000 சேர்க்க எத்தனை மாசம் குனிஞ்சு உட்காரணும்னு பட்டறைக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதுலயும் பாதிக்கு மேல அம்மாவோட செயினை அடகு வெச்ச காசு.

பேரு போடலை. கன்சியூமர் கோர்ட்டுல மனு கொடுத்திருக்கேன், அது முடியற வரைக்கும் பேரு வேணாம்னு தெரிஞ்ச வக்கீல் சொல்லிட்டாரு. ஊருக்குள்ள ஒரு மெயின் ரோட்டு மாடியில இருக்குற மீடியா பயிற்சி மையம், அவ்வளவுதான் சொல்ல முடியும். மூணு மாசமா எழுத வேணாம்னுதான் இருந்தேன். இன்னைக்குக் காலையில வந்த ஒரு போன்தான் எழுத வச்சுது. அதைக் கடைசியில சொல்றேன்.

என் தங்கச்சி பி.ஏ. தமிழ். சின்ன வயசுல இருந்தே ரிப்போர்ட்டர் ஆகணும்னு ஆசை. பெரியார் பல்கலைக்கழகத்துல இதழியல் துறை இருக்கு, வீட்ல இருந்தே பஸ்ல போயிட்டு வந்துடலாம்னு விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வெச்சிருந்தா. அந்த நேரத்துலதான் போன்ல இந்த மையத்தோட விளம்பரம் வந்துச்சு. ஏற்காடு ரோட்டுல இருக்குற பழைய சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸோட நுழைவு வளைவுக்கு முன்னாடி கழுத்துல ஐ.டி. கார்டோட பத்துப் பசங்க நிக்கிறாங்க. "டி.ஆர்.சுந்தரம் 1935-ல ஸ்டூடியோ ஆரம்பிச்ச ஊரு இது, நீங்க ஏன் சென்னைக்கு ஓடணும்?"னு கீழ எழுதியிருந்துச்சு. நம்ம ஊர்ப் பெருமையைத் தூக்கிக் காட்டினா நமக்குக் கொஞ்சம் புத்தி மழுங்கிடுது.

சும்மா விசாரிச்சிட்டு வரலாம்னுதான் போனோம். அங்க இருந்த டைரக்டர் ஒரு தாளைக் கொடுத்து "செய்தி வாசிங்கம்மா"ன்னாரு. வாழப்பாடி பக்கம் மழையில வாழைத்தோட்டம் சாஞ்ச செய்தி. இவ வாசிச்சா. ரெண்டாவது வரியிலேயே நிறுத்திட்டாரு.

"வாலப்பாடியா, வாழப்பாடியா? எந்த ஊரும்மா நீங்க?"

இவளுக்கு முகம் செத்துப்போச்சு. "நாக்கு நுனியை மேல வளைங்க, ஆனா அண்ணத்தைத் தொடக் கூடாது. தொட்டா அது ளகரம்"னு சொல்லி, அந்த ஒரே வரியை இருபது தடவை வாசிக்க வெச்சாரு. கடைசியா ஒரு தடவை ழகரம் சுத்தமா வந்துச்சு. அதுக்கும் பாராட்டலை, தலையை மட்டும் ஆட்டினாரு.

நான் விழுந்தது அந்த இடத்துலதான். ஏமாத்துறவன்னா "ஆஹா என்ன குரல், நீங்க பெரிய ஆளா வருவீங்க"ன்னு தூக்கி வெச்சுப் பேசுவான், இவரு திட்டுறாரே, அப்ப நிஜமான வாத்தியாராத்தான் இருக்கணும்னு நினைச்சேன். பணப் பேச்சையே அவரு எடுக்கலை. நாங்கதான் "சார், ஃபீஸ் எவ்வளவுங்க?"ன்னு கேட்டோம். கேட்டு வாங்கி விழுந்தோம்னு சொல்லணும்.

முதல்ல அட்மிஷன் ரூ.25,000. ஒரு மாசம் கழிச்சு ரூ.37,000: வெளிமாநிலப் பல்கலைக்கழக டிகிரிக்குப் பதிவு, பிரஸ் கார்டு, சென்னை சேனல் ஒண்ணுல மூணு மாச இன்டர்ன்ஷிப், எல்லாம் அதுக்குள்ள அடக்கம். காசு போனது மையத்தோட கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்கு. "கரண்ட் அக்கவுன்ட் மாத்திட்டிருக்கோம் தம்பி"ன்னாரு. ரசீதுல "டிரெயினிங் கிட்"னு எழுதியிருந்துச்சு. கிட்னா என்னன்னு கேட்டிருக்கலாம். கேட்கலை.

தங்கச்சி அப்பவே ஒண்ணு கேட்டா. "சார், டெல்லி இதழியல் நிறுவனம் ஐ.ஐ.எம்.சி.க்கும் எழுதிப் பார்க்கட்டுங்களா?" மனுஷன் சிரிச்சாரு. அது டெல்லிக்காரங்களுக்கு, சிபாரிசு இல்லாம உள்ளேயே விட மாட்டாங்கன்னு சொன்னாரு. பச்சைப் பொய். 1965-ல இருந்து நடக்குற மத்திய அரசு நிறுவனம் அது. எந்தப் பாடத்துல டிகிரி முடிச்சிருந்தாலும் விண்ணப்பிக்கலாம், இப்பெல்லாம் சி.யு.இ.டி. பி.ஜி.ங்கிற முதுகலை நுழைவுத் தேர்வு மூலமா எடுக்குறாங்க, கோட்டயத்துல கூட அதோட கிளை இருக்கு. இதெல்லாம் எனக்கு இப்பத்தான் தெரியும். அவரு பேச்சை நம்பி இவ அந்தத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கலை, பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் அப்படியே விட்டுட்டா. ரூ.62,000-ஐ எப்படியாவது திரும்பச் சம்பாதிச்சிடுவேன். அவளுக்கு ஒரு வருஷம் போச்சே.

வகுப்பு முதல் மாசம் ஒழுங்கா நடந்துச்சு. அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள். அப்புறம் "யூடியூப்ல பாருங்க, லிங்க் அனுப்புறேன்." பிராக்டிகல்னு ஒரே ஒரு தடவை ஏற்காடு கூட்டிட்டுப் போனாங்க, வேனுக்குத் தனியா ஆளுக்கு ஐந்நூறு. பதினாலு பேருக்கு ஒரு கேமரா, ஒரு மைக். இருபது கொண்டை ஊசி வளைவுல பாதிப் பேரு வாந்தி. பகோடா பாயின்ட்ல ஆளுக்கு ரெண்டு நிமிஷம் மைக் பிடிச்சு, கேமராவைப் பார்த்துச் செய்தி சொல்ற பீஸ் டு கேமரா. இவ முறை வந்தப்போ பேட்டரி தீர்ந்துபோச்சு, அதனால போட்டோ மட்டும் எடுத்தாங்க. அந்தப் போட்டோவை ஞாபகம் வெச்சுக்கோங்க.

டிகிரிப் பதிவு எண் எங்கன்னு ஆடியில கேட்டேன். ஆடி மாசம் அந்தப் பல்கலைக்கழகத்துல கையெழுத்துப் போட மாட்டாங்களாம். வடநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆடி மாசமா? தீபாவளி முடியட்டும்னாங்க. கார்த்திகையில சாரு சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரு, அவரைக் கோபப்படுத்தக் கூடாதுன்னு ரிசப்ஷன் பொண்ணு சொல்லுச்சு. மார்கழியில ஆடிட்டர் ஊர்ல இல்லை. பொங்கலுக்கு அப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. நேர்ல போனா "அண்ணா, நான் வேலைக்குப் புதுசு, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கண்ணா"ன்னு தினம் ஒரு புது ஆளு. ஒரு நாள் டைரக்டரே மாடிப்படியில எதிர்ல வந்தாரு. "தம்பி, மீடியாவுக்குப் பொறுமை வேணும்"னு தோள்ல தட்டிட்டு இறங்கிப் போயிட்டாரு. தோள்ல தட்டினாரு!

பட்டறைக்குப் பக்கத்துத் தட்டுவடை செட்டுக் கடையில ஒரு பத்திரிகை நிருபரு வழக்கமா நிப்பாரு. அவர்கிட்ட அந்தப் பிரஸ் கார்டைக் காட்டினேன். ஆமா, கார்டு மட்டும் வந்துச்சு, லேமினேஷன் பண்ணி. அவரு திருப்பிப் பார்த்துட்டு, வேலை பார்க்குற பத்திரிகையோ சேனலோதான் கார்டு தரும், அரசு அங்கீகார அட்டை வேணும்னா செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும், காசுக்கு வாங்கின கார்டை டோல்கேட்டுல நீட்டினா பிரச்சனை உங்களுக்குத்தான்னாரு. அப்புறம் அவரு கேட்டதுதான் எனக்கு உறைச்சுது: "தங்கச்சி எழுதின செய்தி அஞ்சு இருந்தா கொண்டாங்க, பார்க்குறேன்." ஒண்ணுகூட இல்லைங்க. எட்டு மாசத்துல ஒரே ஒரு செய்தி எழுத வைக்கலை அந்த மையம். தமிழ்ல டைப் அடிக்கக் கூடச் சொல்லித் தரலை.

ஒரு ழகரம் சொல்லிக் கொடுத்தாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்த ழகரத்தோட விலை ரூ.62,000.

சேருறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய பத்து விஷயம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுற நிலைமையில இல்லை, தோணுறதைச் சொல்றேன். 1956 யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி டிகிரி தர்ற அதிகாரம் பல்கலைக்கழகத்துக்குத்தான், மாடியில இருக்குற மையத்துக்கு இல்லை. தொலைதூரப் படிப்பைத் தனியாருக்கு பிரான்சைஸ் விடவும் கூடாது. யூ.ஜி.சி. தளத்துல பல்கலைக்கழகப் பேரைப் போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. தனி ஆளு ஜிபேக்குக் காசு அனுப்பாதீங்க. அனுப்பித் தொலைச்சிருந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. அஞ்சு லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்துல மனு போடக் கட்டணம் கிடையாது. இந்த மாதிரி மையத்துல சேருறேன்னு நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை மட்டும் விட்டுடாதீங்க. இவ்வளவுதான், பத்தெல்லாம் வரலை.

இப்ப அந்தப் போன். பக்கத்துத் தெரு அக்கா. "ஏந்தம்பி, பாப்பா டிவியில சேர்ந்துட்டாளாமே, ஒரு வார்த்தை சொல்லலையே!"ன்னு சந்தோஷமாக் கேட்டாங்க. அந்த மையத்தோட புது விளம்பரத்தை அனுப்பி வெச்சாங்க. ஏற்காட்டுல எடுத்த அதே போட்டோ. "எங்கள் மாணவி, இன்று முன்னணி சேனலில்"னு தங்கச்சி படத்துக்குக் கீழ சிவப்பு எழுத்து. எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நேத்தே அஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேனே தம்பி. உங்க பாப்பா போட்டோவைப் பார்த்துத்தானே கட்டினேன்."

நீலச் சுரிதார், கையில மைக், பின்னாடி பனி மூட்டம். அது என் தங்கச்சிதான். அவ எந்தச் சேனல்லயும் இல்லை, ஒரு ஜவுளிக்கடையில பில் போடுறா. அந்த விளம்பரம் யாரு போன்ல வந்தாலும் இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்பிடுங்க.