சேடில் பேட்: துணி நல்லதுதான், அந்த ஓரப்பட்டைதான் பாவம் பண்ணுது

சேணத்துக்கு அடியில் போடுகிற துணியான சேடில் பேட் ஒன்று விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று மேலூர்ப் பக்கம் குதிரை வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒருவர் கேட்டார். அடிப்பக்கம் ஆட்டுரோமம் வைத்த அதே சேடில் பேடுதான் என் குதிரை முதுகிலும் சில வருடங்களாகக் கிடக்கிறது, அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

மதுரை வெயிலில், அழகர்கோவில் ரோட்டில் கொஞ்சம் ஓடினாலே குதிரை முதுகு நனைந்துவிடும். அந்த உப்பு வியர்வை நேராகச் சேணத்தில் ஏறினால் தோல் விறைத்து வெடித்துவிடும். இந்தத் துணி அவ்வளவையும் உறிஞ்சிக்கொள்கிறது, என் சேணம் இன்னும் மெத்தென்று இருக்கிறது. அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று: சவாரி முடிந்து துணியை எடுத்ததும் முதுகைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சீராக நனைந்திருந்தால் சேணம் ஒழுங்காக உட்காருகிறது. ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு தெரிந்தால், ஒன்று அங்கே அழுத்தம் அதிகம், இல்லையென்றால் சேணம் அந்த இடத்தைத் தொடவே இல்லை. அழுத்தம் நீடித்தால் அங்கே வெள்ளை முடி முளைக்கும், சேணம் பொருந்தாத குறையை எவ்வளவு தடித்த துணி போட்டாலும் மறைக்க முடியாது.

இனி ஓரப்பட்டை, அதாவது துணியின் விளிம்பில் வைத்துத் தைத்த பட்டை. பிடரி முடிகிற இடத்தில் எலும்பு மேடாக இருக்கும் பாருங்கள், சரியாக அங்கே போய் நைலான் பட்டையை மடித்துத் தடிமனாக ஒரு தையல் போட்டிருக்கிறார்கள். துணியின் முதுகுக்கோட்டையும் வளைவே இல்லாமல் நேராக வெட்டியிருக்கிறார்கள். சேணம் வைக்கும்போது துணியைச் சேணத்தின் அடியில் உள்ள நடுப்பள்ளத்துக்குள் நன்றாக மேலே இழுத்து விடுகிறேன், முதுகெலும்புக்கு மேலே காற்றுப் போக வேண்டும் அல்லவா, ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் அது இறங்கி எலும்பில் இறுகிக்கொள்கிறது. விரல் அகலத்துக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்து நின்றதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. வாய் இல்லாத ஜீவன், எப்படிச் சொல்லும்? தைத்தவர்கள் ஒரு தடவை அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

புது மண்டபத்தில் முன்பு கடை போட்டிருந்த தையல்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடத் துணி தைக்கிற கை அது. பட்டையைப் பிரித்து, பருத்தி நாடாவை அகலமாக மடித்து, தையலை மேல்பக்கம் வருகிற மாதிரி போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு புண் இல்லை, முடியும் வளர்ந்துவிட்டது.

துவைப்பது சுலபம். முடியைத் தட்டிவிட்டு, கொஞ்சமாகச் சோப்புப் போட்டு, நுரை போகும் வரை அலச வேண்டும். சோப்பு தங்கினால் முதுகு அரிக்கும். ஐப்பசி மழையில் மட்டும் ரோமம் லேசில் காயாது. ஒரு குதிரையின் துணியை இன்னொன்றுக்குப் போடவே போடாதீர்கள், படர்தாமரை ஒட்டிக்கொள்ளும்.

சரி மாப்ள, என்னுடையதை நான் விடப்போவதில்லை. ஆனால் நீங்கள் வாங்க வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். முதுகுக்கோடு வளைவாக வெட்டின சாதாரணப் பருத்தித் துணி போதும். கடையிலேயே நடுத்தையலை விரலால் அழுத்தித் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.