மெக்சிகோவிடம் பிடித்த நிலத்தில் அடிமைமுறை: நான்கு யோசனைகளில் எது தேறும்?

1848 பிப்ரவரியில் மெக்சிகோவுடன் போர் முடிந்தபோது, கலிபோர்னியா, நியூ மெக்சிகோ உட்பட மேற்கே ஒரு பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்கு வந்தது. கொடுத்த பணம் ஒன்றரைக் கோடி டாலர். அந்த மண்ணில் அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா என்ற சண்டையோ போர் முடியுமுன்பே தொடங்கிவிட்டது. அதற்குச் சொல்லப்பட்ட தீர்வுகள் நான்கு.

பழையது, கோடு போடுவது. 1820-ல் மிசௌரியை அடிமைமுறை உள்ள மாநிலமாகச் சேர்க்க ஒப்புக்கொண்டபோது, பிரான்ஸிடம் முன்பு வாங்கிய நிலத்தின் மீதிப் பகுதியில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கில் அடிமைமுறை கூடாது என்று முடிவானது. இந்தக் கோட்டைப் பசிபிக் கடல்வரை நீட்டிவிடலாம் என்றார் அதிபர் போல்க். சொல்ல எளிது. ஆனால் கோடு கலிபோர்னியாவை இரண்டாக வெட்டியது. தங்கம் தேடிக் குவிந்தவர்கள் 1849-லேயே அடிமைமுறைக்குத் தடை போட்டு அரசியல் சட்டம் எழுதிவிட்டார்கள். மறு ஆண்டு அது முழுதாக அடிமைமுறை இல்லாத மாநிலமானது.

தென் கரோலினாவின் செனட் உறுப்பினர் கால்ஹூனின் வாதம் இதற்கு நேரெதிர். புதிய நிலம் எல்லா மாநிலங்களுக்கும் பொது, அடிமை என்பது சொத்து, சொத்தைக் கொண்டுபோவதை நாடாளுமன்றம் தடுக்க முடியாது. ஈவிரக்கமில்லாத வாதம், ஆனால் மழுப்பல் இல்லாதது. 1857-ல், விடுதலை கேட்டு டிரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதையே சட்டமாக்கியது.

கேட்க இனிமையானது மூன்றாவதுதான்: அங்கே குடியேறுபவர்களே முடிவு செய்யட்டும். செனட் உறுப்பினர் லூயிஸ் காஸ் முன்வைத்தார், இன்னொரு செனட் உறுப்பினரான ஸ்டீபன் டக்ளஸ் 1854-ல் நடுப்புல்வெளியிலுள்ள கான்சாஸ், நெப்ராஸ்கா பிரதேசங்களுக்கான சட்டத்தில் அமலாக்கினார். ஜனநாயகம்தானே, இதில் என்ன தப்பு? முடிவு எப்போது, யாருடைய ஓட்டில் என்பதை வேண்டுமென்றே தெளிவில்லாமல் விட்டார்கள். முதல் சில ஆயிரம் பேர் வந்ததுமா, மாநிலமாகும்போதா? அடிமைமுறை இருந்த தெற்கும் அது இல்லாத வடக்கும் தமக்குத் தோதாகப் பொருள் கொண்டன. 1855 மார்ச்சில் கான்சாஸில் நடந்த தேர்தலில், தகுதியான வாக்காளர்கள் சுமார் 2,900 பேர். விழுந்த ஓட்டு 6,300-க்கும் மேல். அடிமைமுறை ஆதரவாளர்கள் மிசௌரியிலிருந்து எல்லை தாண்டி வந்து ஓட்டுக் குத்திவிட்டுப் போனார்கள். அப்புறம் துப்பாக்கிதான் பேசியது. என் கணக்கில் நான்கிலும் மோசமானது இதுதான். நாடாளுமன்றம் தன் சண்டையை நடுப்புல்வெளிக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டது. ஓட்டுப் போட்டவர்களில் அடிமைகள் இல்லை, பூர்வகுடிகளும் இல்லை என்பது வேறு.

மிஞ்சியது டேவிட் வில்மட்டின் யோசனை. மெக்சிகோவிடம் வாங்கும் நிலம் எதிலும் அடிமைமுறை கூடாது என்று 1846 ஆகஸ்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார் இந்தப் பென்சில்வேனியாக்காரர். கறுப்பின மக்கள் மீதான கரிசனம் அல்ல அவரது முக்கிய நோக்கம். வெள்ளை உழைப்பாளிக்கு நிலம் கிடைக்க வேண்டும் என்பதே. அது அவருக்குப் பெருமை சேர்க்காது. ஆனாலும் நான்கில் தேறுவது இதுதான். விடை ஒரே வரியில் இருந்தது, வேறு பொருள் கொள்ள இடமில்லை. மக்கள்தொகை மிகுந்த வடக்கின் பலத்தால் கீழவையில் நிறைவேறியது. மாநிலத்துக்கு இரண்டு இடம் என்ற செனட்டில் தெற்கு அதை முடக்கியது. அந்தத் தடையைத் தாண்டத் தெற்கு பிரிந்துபோக வேண்டியிருந்தது. தென்மாநில உறுப்பினர்கள் வெளியேறிய பிறகு, 1862 ஜூனில், இன்னும் மாநிலமாகாத எல்லாப் பிரதேசங்களிலும் அடிமைமுறையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. வில்மட் அப்போது செனட் உறுப்பினர்.