மன்னார்குடி பந்தலடி பக்கத்து பிளெக்ஸ் கடை: டோர்னமெண்ட் பேனர் அடிக்கறவங்க தாராளமா போகலாம்

பொங்கல் கபடிக்கு பேனர் அடிக்க இங்க போனோம். பிரிண்ட் ஓகே, கலர் நல்லா வந்திருக்கு, ரேட்டும் மத்த கடை மாதிரிதான். ஆனா டிசைன் பண்ற அக்கா இருக்காங்க பாருங்க, அவங்களுக்காகவே போகலாம்.

எங்க பசங்க 'கிராண்ட் ஃபினாலே'ன்னு பெருசா மஞ்சள்ல கேட்டானுங்க, டிவில பாட்டுப் போட்டி கடைசி எபிசோடுக்கு அப்படித்தானே போடுறாங்க. அக்கா கீபோர்டுலேர்ந்து கைய எடுத்துட்டு, "மேட்சுக்கா தம்பி, இல்ல அன்னைக்கு ப்ரோக்ராம் மொத்தத்துக்குமா?"ன்னு கேட்டாங்க. ஃபினாலேன்னா ஷோ, கச்சேரி, சீரியல் முடியுற கடைசி கட்டம், கப்பு யாருக்குன்னு முடிவு பண்ற மேட்சுன்னா வெறும் ஃபைனல்தான், கடைசில 'ஈ' வராதுன்னாங்க. யோசிச்சா சரிதான், 2011 கிரிக்கெட் உலகக்கோப்பைல, வான்கடேல ஸ்ரீலங்காவ ஜெயிச்சத யாராச்சும் ஃபினாலேன்னு சொல்றோமா?

அப்போ ஃபைனல்ஸ்னு போடலாமான்னான் ஒருத்தன். எங்களுக்கு 65 கிலோ எடைப் பிரிவு ஒண்ணு, எடை வரம்பில்லாத ஓப்பன் ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே ராத்திரில கடைசி மேட்ச், அதனால 'எஸ்' போட்டா தப்பில்லன்னு அக்கா மேல ஃபைனல்ஸ், கீழ ஒவ்வொரு பிரிவுக்கும் நேரம் போட்டு தனித்தனியா ஃபைனல்னு போட்டாங்க. அமெரிக்கால என்பிஏ பாஸ்கெட்பாலுக்கு ஃபைனல்ஸ்னு சொல்றாங்கன்னா அது ஏழு மேட்ச் வரைக்கும் போற தொடர், நாலு ஜெயிச்சாதான் கப்பு.

கூட வந்த வாலிபால் பையன் டிசைடர்னு போட்டா கெத்தா இருக்கும்னான், அதுக்கும் பதில் வந்துச்சு, ரெண்டு பக்கமும் சமமா நிக்கும்போது முடிவு பண்றதுதான் டிசைடர், உங்க வாலிபால்ல 2-2 ஆனதும் 15 பாயிண்டுக்கு ஆடுற அஞ்சாவது செட் மாதிரின்னு. எனக்கு உடனே 2001 சேப்பாக்கம் டெஸ்ட்தான் ஞாபகம் வந்துச்சு, ஆஸ்திரேலியா தொடர் 1-1ல நிக்க மூணாவது டெஸ்ட்ட ரெண்டு விக்கெட்ல ஜெயிச்சோமே, பக்கா டிசைடர். ஒரே மேட்ச் டை ஆச்சுன்னா வர்றது டைபிரேக்கர், கபடில டீமுக்கு அஞ்சு ரெய்டு, அது வேற.

பசங்க மூஞ்சி வாடக்கூடாதுன்னு பரிசளிப்பு, பாட்டுக் கச்சேரி, வாண வேடிக்கை இருக்குற வரிக்கு மேல 'கிராண்ட் ஃபினாலே' போட்டுக் குடுத்தாங்க, அங்க அது கரெக்டா உக்காந்துச்சு. வெளியூர் டீமெல்லாம் நின்னு படிக்கிற பேனர், அதுல நம்ம ஊர் பேரு இருக்கு, இவ்ளோ பொறுமையா கேட்டு அடிச்சுக் குடுக்கறவங்கள நான் வேற எங்கயும் பாக்கல.

குறைன்னா டெலிவரிதான். சாயங்காலம் தரேன்னு சொன்னது மறுநாள் மதியம் ஆயிடுச்சு, முகூர்த்த நாள்னா கல்யாண பேனர் கூட்டத்துல உள்ளயே நுழைய முடியாது. ஸ்பான்சர் போட்டோ வாட்ஸப்ல அனுப்பினா மங்கலா வருது, பென்டிரைவ்ல கொண்டு போங்க. ரீப்பர் கட்டை அடிக்க காசு தனி, முன்னாடியே பேசிக்கங்க.